இரண்டாவது நிறம்

சோப்பு ஆலைக்கு வரும் காரக் கரைசலில் காஸ்டிக் எவ்வளவு, சலவைச் சோடா எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் பதினோரு வருஷமாக அவருடைய வேலை. முதல் நிறம் அவருக்கு அத்துப்படி. அமிலம் சொட்டச் சொட்ட, குடுவையில் இருக்கும் ரோஜா நிறம் வெளிறி, விடியற்காலைக் கனவு மாதிரி இல்லாமலே போய்விடும். இரண்டாவதுதான் வில்லங்கம். அதற்கு நிறங்காட்டியாக விடும் மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும் நொடி அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் மனைவி அந்த நொடியில் லேசாக இருமுவாள், அவர் குழாயை மூடிவிடுவார். வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

"மேலிடத்துல உண்மையைச் சொல்லிடுங்க" என்று அவள் சொல்லப்போக, மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தார். "செஞ்சு காட்டுங்க. சரியா வந்தாத்தான் இந்த வேலையில வெச்சுக்க முடியும்."

ஜன்னல் வெளிச்சம் மேஜையில் பால் மாதிரிக் கிடந்தது. ரோஜா நிறம் போனது. அளவைக் குறித்துக்கொண்டு மெத்தில் ஆரஞ்சை விட்டார். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல் அவருக்கு எல்லாமே மெதுவாக நடந்தது. இருமல் வரவில்லை. பாவி, பழிவாங்குகிறாள் என்று திரும்பிப் பார்த்தார். அவள் கண் கலங்கி, இருமல் வந்துவிடாதபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். உத்தேசமாக ஒரு அளவில் நிறுத்தலாம்தான். அது தப்பாகிவிட்டால், காரம் மிஞ்சிய சோப்பு யார் கையையோ அரிக்கும். அவருக்கு மனசு கேட்கவில்லை.

குழாயை மூடினார். "மேடம், எனக்கு இந்த நிறம் தெரியாது. இத்தனை வருஷமா இவ கண்ணாலதான் பார்த்தேன்."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியில் தூசி படிந்திருந்த ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். "புரோமோஃபீனால் நீலம். இரண்டாவதுக்கு இதை விட்டு, முதல்லேருந்து செய்யுங்க."

இந்த முறை குடுவையில் நீலம் மெல்லக் கரைந்து மஞ்சளானது. அவரே பார்த்தார், அவரே மூடினார். "நாலு புள்ளி ரெண்டு மில்லி" என்றார். அம்மாள் தானும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டுப் போனார்.

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "இனிமே நான் எதுக்கு?"

"அடிப்பாவி, கடையில தக்காளி பழமா காயான்னு நான் எந்த பாட்டிலை ஊத்திப் பார்க்கிறது?"