ஒரு கட்டி பாக்கி

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. பெரிய அரங்கின் சுவருக்கும் சின்ன அரங்கின் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் பக்கவாட்டாகத்தான் நகர முடியும். குனிந்தால் முட்டி இடித்தது.

ஒரே கூரையின் கீழ் நான்கு இசையரங்குகள். எதுவும் எதையும் தொடக் கூடாது. தொட்டால் இங்கே அடிக்கிற மேளம் அங்கே கேட்கும் என்றார் இன்ஜினியர். கட்டும்போது சிந்திய சிமென்ட் கலவை சந்துக்குள் கட்டிகட்டியாக இறுகி, இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை உடைக்க ஒல்லியான ஆள் வேண்டும். மேஸ்திரி என் மனைவியின் அண்ணன்.

“என் தங்கச்சி உனக்குச் சோறே போடறதில்லையா மாப்ள? இன்னிக்குத்தான் அதுல ஒரு லாபம். போ உள்ள. நான் இங்கயே நிக்கறேன்.”

“போடறா மச்சான். உங்க தங்கச்சி பேச்சைக் கேட்டுக்கிட்டே தின்னா உடம்புல ஒட்டுமா?”

கடைசிக் கட்டியில் உளியை வைத்தபோது வெளிச்சம் போனது. மச்சான் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் தச்சர்கள் சந்தின் வாயைப் பஞ்சு பொதிந்த பலகையால் மூடிவிட்டார்கள்.

“மச்சான்!”

என் குரல் என் காதிலேயே சரியாக விழவில்லை. இருபுறமும் சுவரை மூடிக் கெட்டியான பஞ்சு. சத்தத்தைத் தின்னத்தானே வைத்திருக்கிறார்கள்! சுத்தியலால் சுவரிலும் பலகையிலும் அடித்தேன். தலையணையில் குத்தியது போல அமுங்கியது. பலகைக்கு மேல் அடுத்தது பூச்சு. அதற்கான மணலை நான்தான் சலித்துப் போட்டிருந்தேன்.

நெஞ்சு விரிய இடமில்லை. தொடை நனைந்தது. வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை.

தடவிய கையில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. பஞ்சைக் கிழித்துக்கொண்டு இரண்டு சுவரிலும் பற்றியிருந்தது. இங்கே அடித்தால் அங்கே கேட்கும்.

அடித்தேன். ஒரு முனை தெறித்தது. உடைந்தால் நான் செத்தேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அடித்தேன்.

நான் வெளியே வந்துவிட்டதாக நினைத்துச் சின்ன அரங்கில் என்னைத் தேடிக்கொண்டிருந்த மச்சானுக்குச் சுவர் தட்டுவது கேட்டிருக்கிறது. பலகையைப் பெயர்த்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“கத்தித் தொலைக்கறதுக்கென்ன மாப்ள?”

“கத்தினேன் மச்சான்.”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார்.

“எல்லாம் எடுத்தாச்சா?”

“ஒரு கட்டி பாக்கி சார்.”

“முடிச்சுட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் மூடணும்.”

மச்சான் என் தோளைத் தொட்டார். “போ மாப்ள. நான் இங்கயே நிக்கறேன்.”

முன்பும் இதைத்தான் சொன்னார். சுத்தியல் கையில் இருந்தது, கால் நகரவில்லை. என் உயிரைக் காத்த கட்டி உள்ளேயே இருக்கிறது. அதை உடைத்துக் கொடுக்க வேண்டிய கடன் என்னுடையது.