சின்னவள் வழக்கு

"ரெண்டு மருமகளும் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஜட்ஜையா மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

வந்தாயிற்று. எதுவரைக்கும்? சமையலறை வாசற்படி வரைக்கும். விசாரணை நடக்கும்போது அதைத் தாண்டி மருமகள்கள் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். யாராவது தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைக்கலாம். வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

விசாரணை என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஓய்வு பெற்ற மனிதர்கள் தோட்டம் போடுவார்கள், காலையில் நடக்கப் போவார்கள், பேப்பரைப் படித்துவிட்டு நாடு கெட்டுப்போச்சு என்பார்கள். ஜட்ஜையாவோ கோர்ட்டை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் கைவைத்த நாற்காலியில் உட்காருவார். மாடி அறை யாருக்கு, குளியலறைக் குழாயை உடைத்தது யார், பெரியவன் மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் அங்கேதான் தீர்ப்பு. மகன்கள் பேசலாம். மருமகள்கள் தரப்பை அவரவர் புருஷன்மார் எடுத்துச் சொல்வார்கள். "பொம்பளைங்க பேச ஆரம்பிச்சா அழுகை வரும், அழுகை வந்தா நியாயம் ஓடிப்போயிடும்" என்பது அவர் சொன்ன காரணம். அந்த வீட்டு நியாயம் அத்தனை பயந்த சுபாவம் போலிருக்கிறது!

இதே மனிதர் கோர்ட்டில் இருந்தவரைக்கும் எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை என்று ஊரே சொல்லும். சட்டக் கல்லூரியில் வருஷா வருஷம் அவரைக் கூப்பிட்டுப் பெண்ணுரிமை பற்றிப் பேச வைப்பார்கள். கைதட்டல் காதைப் பிளக்கும். இப்போது அந்தக் கல்லூரிக்கு முதல்வராக இருப்பவர், ஜட்ஜையா வக்கீலாக இருந்த காலத்தில் அவரிடம் ஜூனியராக நின்று தொழில் கற்றவர்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது சின்ன மருமகளின் வழக்கு. வீட்டில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்பார்கள். சின்னவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பட்டப்படிப்பு முடித்த கையோடு சட்டம் படிக்க ஆசைப்பட்டவள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது ஜட்ஜையாதான், "அதுக்கென்ன, கல்யாணத்துக்கப்புறம் படிச்சுக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். குழந்தை பிறந்தது, அடுத்த வருஷம். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், அடுத்த வருஷம். அப்படி அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று போனதில் மகனுக்கு மீசை முளைத்து அவன் ஹாஸ்டலுக்கும் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் அவள் யாரையும் கேட்காமல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். மத்தியானம் வீடு தூங்கும்போது சாமான் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து படிப்பாள். அடுப்பில் குக்கர் இருக்கும்போது வாயாலேயே பாடத்தைச் சொல்லிக்கொள்வாள். படித்தது மறந்துபோய்விட்டதே என்று முதல் சில மாதங்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். இருபது வயதில் ஒரு தரம் பார்த்தால் மனதில் நின்றது, இப்போது நான்கு தரம் படித்தாலும் நழுவியது. விடாமல் படித்தாள். ஜட்ஜையா அதைப் பார்த்தார். "படிக்கட்டும், பொழுது போகும்" என்று சிரித்தார். நுழைவுத் தேர்வில் அவள் தேறி, நேர்காணலுக்குக் கூப்பிட்டதும்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

நேர்காணல் மறுநாள் காலை, அதே சட்டக் கல்லூரியில். அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அவை மாமியாரின் பீரோவில் இருந்தன. கல்யாணமாகி வந்த அன்றைக்கே நகையோடு சேர்த்து, "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி உள்ளே வைத்தது. அதற்குப் பிறகு அவற்றை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஆக, இன்றைய தீர்ப்பு அவள் பக்கம் வந்தால் பீரோ திறக்கும். இல்லாவிட்டால் இல்லை.

முந்தின நாளே புருஷனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத" என்று அவன் மார்தட்டியிருந்தான்.

"பெரியவனே, நீ சொல்லு" என்றார் ஜட்ஜையா.

பெரியவன் எழுந்து நின்றான். "அப்பா, எங்க வீட்டுக்காரி ரொம்ப வருத்தப்படறா. சின்னவ காலேஜுக்குக் கிளம்பிட்டா மொத்த வேலையும் அவ தலையிலதான் விழும். ஏற்கெனவே முதுகு வலிக்காரி. என்னால முடியாதுன்னு கையை விரிச்சுட்டா."

வாசற்படியில் நின்ற பெரியவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மட்டும் சக்தி இருந்திருந்தால் பெரியவள் அங்கேயே பொசுங்கிப் போயிருப்பாள்.

"சின்னவனே, உன் தரப்பு?"

சின்னவன் எழுந்தான். தொண்டையைச் செருமினான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான், வாசற்படிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"அதான்ப்பா... அவளுக்கும் அண்ணி கஷ்டம் புரியுது. இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அவளே சொன்னா."

மாமனார் மறுப்பார் என்று சின்னவள் எதிர்பார்த்திருந்தாள், அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தாள். தன் வாயாலேயே தான் வேண்டாம் என்று சொன்னதாகத் தன் புருஷனே சொல்வான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ரெண்டு தரப்பும் ஒத்துப் போயிட்டாங்க. அப்புறம் நான் என்னத்தத் தீர்ப்பு சொல்றது?" ஜட்ஜையா நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வருஷம் வேணாம். அவ்வளவுதான். யாராவது டீ போடுங்கம்மா."

சமையலறைக்குள் போனதும் சின்னவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் வெளியே தெறித்தது.

"அக்கா, உங்களுக்கு முடியலன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. கூடத்துல வச்சு என் கழுத்தை அறுக்கணுமா?"

"யாருடி முடியலன்னு சொன்னா?" பெரியவளின் குரலும் ஏறியது. "முதுகு வலின்னு சொன்னது வாஸ்தவம். வலிக்குது, அதனால காலையில வந்துட்டுப் போற மாதிரி ஒரு ஆளை வச்சுக்கலாம், மீதியை நான் பாத்துக்கறேன், அவ போகட்டும்னுதான் இவர்கிட்ட சொல்லி அனுப்பினேன். இவர் வலியை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளை விட்டுட்டார்! அது கிடக்கட்டும், நீ என்ன? போறேன் போறேன்னு ஆறு மாசமா குதிச்சுட்டு, கடைசியில அடுத்த வருஷம்னு கவுத்துட்டியே?"

"நான் எங்கக்கா சொன்னேன்?"

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது, யாரும் அடுப்பைக் குறைக்கவில்லை.

"அப்போ..." என்று பெரியவள் மெல்ல ஆரம்பித்தாள். "அன்னைக்கு மாடி ரூம் உனக்குத்தான் வேணும், இல்லன்னா தனிக்குடித்தனம் போயிடுவேன்னு சொன்னியாமே?"

"நான் ரூமே கேக்கலையேக்கா. என் பையன் சத்தம் போட்டு உங்க பொண்ணு படிப்பே கெட்டுப்போச்சுன்னு நீங்கதான் சொன்னதா..."

"அய்யோ, அந்தக் குழந்தையைப் போயா? நான் அப்படிச் சொல்லுவேனா?"

அந்த மாடி அறைக்காக இரண்டு பேரும் மாசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல், ஒரே அடுப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்திருக்கிறார்கள். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. "நம்ம பேரைச் சொல்லி அண்ணனும் தம்பியும் ஒரு நாடகமே நடத்தியிருக்காங்கடி" என்றாள்.

சின்னவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டிக் கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"என்னம்மா, அதுக்குள்ள டீ ஆயிடுச்சா?" என்றார் ஜட்ஜையா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டீ இல்ல மாமா. நான் பேசணும்."

சின்னவன் துள்ளி எழுந்தான். "ஏய், என்ன இது? உள்ள போ முதல்ல."

"உன் புருஷன்தான் பேசிட்டானேம்மா" என்றார் ஜட்ஜையா.

"அவர் பேசினது என் பேச்சு இல்ல மாமா. அடுத்த வருஷம்னு நான் சொல்லவே இல்ல."

"என்னடா?" என்று மகன் பக்கம் திரும்பினார்.

சின்னவன் தரையைப் பார்த்தான். "நேத்துத் தூங்கப் போறப்ப அவ அப்படிச் சொன்ன மாதிரிதான்ப்பா இருந்துச்சு..."

"தூக்கத்துல உளறினாக்கூட நான் அப்படி உளறமாட்டேன்" என்றாள் சின்னவள்.

வாசற்படியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "நானும் முடியாதுன்னு சொல்லல மாமா. ஆள் ஒண்ணு வேணும்னுதான் சொன்னேன்."

"நீ வேற எதுக்குடி நடுவுல?" என்று பெரியவன் சீறினான்.

"நடுவுல எங்க வந்தேன்? என் பேரைச் சொல்லித்தானே பேசினீங்க" என்றாள் பெரியவள். அவளும் ஒரு காலைக் கூடத்துக்குள் வைத்துவிட்டாள்.

ஜட்ஜையாவின் முகம் சிவந்தது. பேப்பரை மடித்து வைத்தார். "தீர்ப்பு சொன்னா சொன்னதுதான். ஆளாளுக்கு வந்து மாத்து மாத்துன்னு நின்னா இது வீடா, சந்தையா?"

"சரி மாமா, தீர்ப்பு உங்களோடயே இருக்கட்டும். என் சர்ட்டிபிகேட்டை மட்டும் குடுத்துடுங்க."

"அது பத்திரமா இருக்கு. இருக்கட்டும்."

ஜட்ஜையா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. சின்னவள் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் பின்வாங்கினால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று தோன்றியது.

"அப்போ நாளைக்கு வெறுங்கையோடதான் போவேன் மாமா. சர்ட்டிபிகேட் எங்கேம்மான்னு கேப்பாங்க. எங்க மாமா பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கார்னு சொல்லுவேன். எந்த மாமான்னு கேட்டா பேரைச் சொல்லுவேன்."

நாளைக்கு அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"மிரட்டறியா?"

"இல்ல மாமா. கேட்டா பதில் சொல்லணும்ல?"

"மானத்தை வாங்கிடுவா போலிருக்கே!" என்று மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "குடுத்துத் தொலைச்சுடலாங்க. ஊரே சிரிக்கும்."

ஜட்ஜையா ஏதோ அதிசயமாகக் கருணை பிறந்தவர் மாதிரிக் கையை அசைத்தார். "எடுத்துக் குடு. பெரிய மனசு பண்ணி விடறேன். ஆனா ஒண்ணு. வீட்டு விஷயம் வீட்டோட. அங்க போய் ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது."

சின்னவள் சரி என்று சொல்லவில்லை. அவள் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. மருமகள் பேசாமல் நின்றால் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு பழகிய வீடு அது.

மறுநாள் கல்லூரித் தாழ்வாரத்தில் அவள் மகன் வயசுப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலிருந்த பெண், "பொண்ணுக்கு சீட்டா ஆன்ட்டி?" என்று கேட்டது. "எனக்குத்தாம்மா" என்றதும் திருதிருவென்று விழித்துவிட்டு, நகர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் விட்டது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் முதல்வர். சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் முகவரியைப் பார்த்ததும் நின்றார்.

"இது ஜட்ஜையா வீடாச்சே! நீங்க அவருக்கு...?"

"மருமக சார்."

முதல்வரின் முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தீங்களா சார்?" என்று வலப்பக்கத்தவரிடம் திரும்பினார். "நான் சொல்லுவேன்ல, மேடையில பேசிட்டு வீட்டுல மறந்துடற ஆள் இல்ல அவர். இந்த வயசுல மருமகளைப் படிக்க அனுப்பியிருக்கார். எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?"

"போன வருஷப் பேச்சை மறக்க முடியுமா?" என்றார் வலப்பக்கத்தவர். "கல்லூரி மலர்ல இதைப் போடணும் சார். ஜட்ஜையா படத்தோட."

இடப்பக்கத்திலிருந்த அம்மாள் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல்வர் பேனாவைத் திறந்துகொண்டார். "உக்காருங்கம்மா. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன். இந்த வயசுல சட்டம் படிக்கணும்னு எப்படித் தோணுச்சு? மாமனாரைப் பாத்துத்தானே?"

தலையை ஆட்டினால் போதும். சீட் கையில் வந்துவிடும். வீட்டிலும் சண்டை இருக்காது. ஜட்ஜையாவே வாசலில் நின்று வாழ்த்தினாலும் வாழ்த்துவார். இந்தக் கேள்விக்கென்றே அவள் சமூக சேவை, ஏழை எளியவர் என்று ஒரு பதிலைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தும் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் அது வரவில்லை. "அவளே சொன்னா" என்று புருஷன் சொன்ன குரல்தான் காதில் கேட்டது. இப்போது தலையை ஆட்டினால், அவன் சொன்ன பொய்யைத் தானே மறுபடியும் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. பற்றிக்கொண்டு வந்தது ஆத்திரம்.

"இல்லைங்க சார். அவர் அனுப்பல. வேணாம்னு தீர்ப்பு சொன்னார்."

முதல்வரின் சிரிப்பு பாதியில் நின்றது. "தீர்ப்பா?"

"ஆமாங்க. நேத்து எங்க வீட்டுல விசாரணை நடந்துச்சு. என்னைப் பத்தினதுதான். என்னைத் தவிர மத்தவங்க எல்லாரும் பேசினாங்க."

வலப்பக்கத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர் நாற்காலியில் நெளிந்தார். "அதெல்லாம் வீட்டு விஷயம்மா" என்றார், குருவின் குரலிலேயே. "அதை எதுக்கு இங்க வந்து..."

"ஏன் சட்டம் படிக்கணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க? அதுக்குத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் சின்னவள். நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.