மூன்று நிறப் பிஸ்கோத்து

செத்துப்போன பிள்ளை வயிறாரச் சாப்பிட்டானா என்று யாரிடம் போய்க் கேட்பது? குணமாலாவுக்கு அந்த ஒரு கேள்விதான். ராவும் பகலும் அதுவேதான்.

ஒரே மகன் ஜினகுமார். எழுபதாம் வருஷம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். இரண்டாவது குளிர்காலத்தில், தை மாசம், மார்ச்சளி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டான். அங்கேயே எரித்துவிட்டார்கள். காஞ்சிபுரத்துக்குச் சாம்பல்தான் வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வினைப்பயன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கென்ன!

ஊருக்குப் புறப்படுகிற அன்று திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் வைத்து அவனிடம் சத்தியம் வாங்கியவள் அவள். முட்டையைத் தொடக்கூடாது, பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்கக்கூடாது. ஜைனக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கடிதத்துக்குக் கடிதம் ‘விரதம் தவறவில்லை அம்மா’ என்று எழுதுவான். அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

பங்குனியில் தடிமனாய் ஓர் உறை வந்தது. எழுதியிருந்தவள் கான்செட்டா, அவன் குடியிருந்த வீட்டுக்கார இத்தாலிக்காரி. கணவர் தேவகுமார் முதலில் தனக்குள் படித்தார். திரும்பவும் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

“அவங்க செய்யற பிஸ்கோத்துன்னா நம்ம புள்ளைக்கு உயிராம். பச்ச, வெள்ள, செவப்புன்னு மூணு அடுக்கு. முட்ட போட்டுதான் செய்வாங்களாம். இவன் தொடமாட்டான்னு தயிர் ஊத்தி செய்யக் கத்துக்கினாங்களாம். செய்முறை எழுதியிருக்காங்க.”

“பாத்தீங்களா! என் புள்ள பசியோட கெடக்கல. யாரோ ஒரு புண்ணியவதி பாத்துப் பாத்து செஞ்சி போட்டிருக்கா” என்றாள் குணமாலா. இரண்டு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “நானும் செய்யறேங்க. அவன் சாப்ட்டது இன்னா ருசின்னு தெரிஞ்சிக்கறேன்.”

சொன்னபடியே மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். பாதாமை ஊறவைத்து, தோலுரித்து, சர்க்கரை சேர்த்து அரைத்தாள். வெண்ணெய், மைதா, தயிர், ஒரு சிட்டிகை சோடா உப்பு. மாவை மூன்றாகப் பிரித்து இரண்டில் சாயம் கலந்தாள். பிஸ்கோத்து சுடுகிற அடுப்புப் பெட்டிக்கு எங்கே போவது? அண்டாவில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடிமேல் தணலைக் கொட்டினாள். முதல் தட்டு அடிபிடித்துக் கரியாய்ப் போனது. அசருவாளா? திரும்ப அரைத்தாள்.

பக்கத்து வீட்டு நெசவுக்கார நீலாம்பாள் தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். “இன்னாக்கா, ரெண்டு மாசமா ஒரு தாளிப்பு வாசனை இல்ல, இன்னிக்கி தெருவே மணக்குது!”

“எம் புள்ள சாப்ட்டதும்மா” என்றாள் குணமாலா. நீலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

வெந்த மூன்று தட்டுக்கும் நடுவில் ஜாமைத் தடவி அடுக்கி, மேலே அரிசித் தவலையைப் பாரம் வைத்தாள். பிறகு கோகோவும் வெண்ணெயும் காய்ச்சி மேலே ஊற்றினால், பாழாய்ப்போன பங்குனி வெயிலில் அது இறுகினால்தானே! ஈர மணலில் வைத்துக் காத்துக் காத்து, கத்தியை எடுக்கும்போது மேற்கே வெளிச்சம் மங்கிவிட்டது.

“எம்மாம் பெருசா வெட்டணும்னு எழுதியிருக்காங்க?”

“சின்னதா வெட்டு.”

“எவ்ளோ சின்னதா? எழுதியிருக்கறத படிங்க.”

“சட்டப் பையில கொள்ற அளவு” என்றார் தேவகுமார்.

“சட்டப் பையிலயா? ஏன், தட்டுல வெச்சி சாப்புட மாட்டானா?” கத்தியைக் கீழே வைத்தாள். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியாதா? “எதையோ முழுங்கிட்டீங்க. எம் புள்ள விஷயம். முழுசா படிங்க.”

அவர் கடிதத்தை எடுக்கவில்லை. அவருக்கு மனப்பாடமாகவே இருந்தது.

“மத்தியானம் லைப்ரரி வேலைக்கிப் போவானாம். சாயங்காலம் அஞ்சரைக்குதான் சாப்பாட்டுக்கு உடுவாங்க. குளிர்காலத்துல அங்க நாலரைக்கே பொழுது போயிடும்மா.”

“நாலரைக்கா? அதெப்பிடிங்க?”

“அப்பிடித்தான். மொத வருஷம் குளிர்காலம் பூரா ராத்திரி வெறும் தண்ணியோட படுத்திருக்கான். அந்தம்மா கேட்டதுக்கு, அம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்னானாம். அப்பறம்தான் இத செஞ்சி பையில போட்டு அனுப்பியிருக்காங்க. நாலு மணிக்குள்ள, புஸ்தக அலமாரி சந்துல நின்னுக்கினே சாப்புடுவானாம்.” “இருவத்தெட்டு வருஷம் பூகோளம் நடத்தினேன். வடக்க போவப் போவ குளிர்காலத்துல பகல் சுருங்கும்னு எத்தினி புள்ளைங்களுக்கு படம் போட்டுக் காட்டியிருக்கேன். நீ சத்தியம் வாங்கறப்ப பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தோணலியே, பாவி!”

குணமாலா அழவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் இல்லை. “நாந்தாங்க பட்டினி போட்டேன்” என்றாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. விளக்கை ஏற்றினாள். ஒரு துண்டை வெட்டிக் கையில் எடுத்தாள்.

“பொழுது போயிடுச்சிம்மா” என்றார் அவர்.

“போவட்டும். நான் வாங்கின சத்தியம். இன்னிக்கி நானே ஒடைக்கறேன்.”

துண்டு உதடுவரைக்கும் போயிற்று. வாய் திறக்கவில்லை. கையை இறக்கி, மூச்சை இழுத்துவிட்டு, திரும்பவும் கொண்டுபோனாள். பல் கிட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை கோகோ உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதையும் அவளை அறியாமல் முந்தானை துடைத்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

“என்னால முடியலியேங்க! நம்ம வூட்ல, ஏன்னு கேக்க ஒரு ஆளில்லாத எடத்துல, என்னாலயே முடியல. இருட்டினப்பறம் அவன் எப்பிடிங்க சாப்ட்டிருப்பான்?”