வேட்டைத் திங்கட்கிழமை

அந்த வியாழக்கிழமை மாலை வெர்ன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். போனில், காத்திருப்பவர்களுக்குப் போடும் அதே பியானோ. நடுநடுவே ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது. வெர்ன் ஒவ்வொரு தடவையும், "நன்றிம்மா" என்று பதில் சொன்னான். நாலு மணிக்கு, அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

"போயிட்டா. வீட்ல குழந்தைகுட்டி இருக்கும்ல."

"அது ரெக்கார்ட் பண்ணின குரல், வெர்ன்."

"அவளுக்கும் வீடுன்னு ஒன்னு இருக்காதா?" என்றான். அப்புறம், "நாளைக்குச் சமைக்க சாசேஜ் எடுத்து வெளியில வைக்கட்டுமா?" என்று கேட்டான். வை என்றேன்.

மறுநாள் காலை அடுப்புக்கு விறகு எடுக்க நிலவறைக்கு இறங்கினவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். என் கணவன்தான்; பள்ளியிலிருந்தே தெரிந்தவன் என்பதால் இன்றும் எனக்கு "அவன்" என்றுதான் வருகிறது.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இருந்த ஒரே பெரிய வேலை கண்ணாடி ஆலை. அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தார்கள். வெர்னையும் இன்னும் பலரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை வந்தால் கூப்பிடுவோம், அதுவரை மாநிலத்தின் வேலையில்லா உதவித்தொகை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அது எங்களுக்குப் புதிதில்லை. உலையைப் பழுதுபார்க்கும் காலங்களில் ஊரே அதை வாங்கியிருக்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யவேண்டும். ஒரு குரல் கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஒன்றை அழுத்து, இல்லை என்றால் ஒன்பதை அழுத்து.

ஒரு கேள்வி: இந்த வாரம் எல்லா நாளும் வேலைக்குப் போகத் தயாராக இருந்தீர்களா?

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை எங்கள் மலையில் மான் வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடம் கிடையாது, வங்கியில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டை போடாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். வெர்னும் ஆலை மேற்பார்வையாளன் ட்வைட் ஹூபரும் சிறுவயதிலிருந்து ஒரே மரத்துப் பரணில் உட்காருகிறவர்கள். அந்த வருஷமும் இருட்டோடு போய் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வெர்ன் வெறுங்கையோடு வந்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, குரல் கேட்ட அந்தக் கேள்விக்கு வெர்ன் ஒன்பதை அழுத்தினான்.

ட்வைட்டுக்கு விஷயம் தெரிந்ததும் எங்கள் சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "டேய், ஊர்ல ஒருத்தன் விடாம எல்லாரும் ஒன்னை அழுத்திட்டுப் போய்ப் படுத்தாங்க. உனக்கு மட்டும் என்னடா வந்துச்சு?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"யார்டா கேட்டா? மெஷின் கேட்டுச்சு."

"நான் மரத்துமேல இருந்தேன்டா. தயாரா இருந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"மரத்துமேல தயாரா இருந்தேன்னு சொல்லு. மான்தான் தயாரா இல்ல."

வெர்ன் சிரித்தான். ஒரு வாரத்துப் பணம் போகும், போகட்டும் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது ஒரு வாரத்தோடு நிற்கவில்லை. விசாரணையில் இருக்கிறது என்று மொத்தப் பணத்தையும் நிறுத்தினார்கள். ஒரு கேள்வித்தாள் வந்தது. எதனால் தயாராக இல்லை என்ற இடத்தில் வெர்ன், "மான் வேட்டை முதல் நாள். எல்லா வருஷமும் போல" என்று எழுதினான். தலைநகரில் அதை யார் படித்தார்களோ, அவர்களுக்கு மான் தெரியாது. இவர் தன் வசதிப்படிதான் வேலைக்கு வருவார், எல்லா வருஷமும் இப்படித்தான் என்று புரிந்துகொண்டார்கள். தொடக்கத்திலிருந்தே இவருக்குத் தகுதி இல்லை, வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று முடிவு வந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரு சொற்றொடர் இருந்தது: "உண்மையை மறைத்த குற்றம்."

பணத்தைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. அந்தச் சொற்றொடரைத்தான் திரும்பத் திரும்பப் பேசினான். "மறைச்சவனெல்லாம் பணம் வாங்குறான், ரோவீனா. நான் சொன்னேன். சொன்னவனைப் போய் மறைச்சான்னு எழுதியிருக்காங்க."

மேல்முறையீடு செய்தான். நூலகத்தில் நின்று ஃபேக்ஸ் அனுப்பினான். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்பினான். மேல்முறையீடு நடக்கும்போதும் வாராவாரம் அழைத்துப் பதிவு செய்யவேண்டும், விட்டால் அந்த வாரங்கள் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதையும் செய்தான். விவரம் கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தால் பியானோ. ஒருமுறை ஒரு பெண் எடுத்தாள். அதிகாரி திரும்ப அழைப்பார், எப்போது என்று சொல்லமுடியாது, நீங்கள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்றாள்.

அதனால் வீட்டைவிட்டு நகரவில்லை. அந்த ஜனவரியில் ஈரி ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று ஓய்ந்து, நீர்த்தேக்கத்தில் பனி நன்றாக இறுகியிருந்தது. பனியில் துளைபோட்டு மீன் பிடிக்க அதைப்போல ஒரு வருஷம் வந்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ட்வைட் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். வெர்ன் ஜன்னல் வழியாகப் போனைத் தூக்கிக் காட்டுவான். நீர்த்தேக்கம் இருக்கும் மலைக்கு மேலே போனால் சிக்னல் கிடையாது.

அதிகாரி அழைக்கவேயில்லை. அந்தப் பனி மார்ச் வரை இருந்தது. அதை நினைக்காமல் இருக்க எனக்கு இன்னும் வரவில்லை.

அடக்கம் முடிந்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எனக்குச் சீக்கிரமே ஆள் கிடைத்தது. சின்னப் பெண் குரல். என் கணவர் இறந்துவிட்டார் என்றேன்.

"ஐயோ, சாரி மேடம். அப்ப இந்தக் கேஸை மூடிடவா?"

"மூடினா அந்தச் சொல் என்ன ஆகும்?"

"எந்தச் சொல்லு மேடம்?"

சொன்னேன். கீபோர்டு சத்தம் கேட்டது. "அது அப்படியே இருக்கும் மேடம். வேணாம்னா அவருக்குப் பதிலா நீங்க நடத்தலாம். ஆனா நேர்ல பாத்த சாட்சி வேணும். அவர் என்கிட்ட சொன்னாருன்னு சொன்னா எடுத்துக்க மாட்டாங்க."

மூடவேண்டாம் என்றேன்.

நேரில் பார்த்தவன் ட்வைட் ஒருவன்தான். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் வறுத்துப் போடுவார்கள். அங்கே வரிசையில் அவன் பின்னால் போய் நின்றேன்.

"ட்வைட், இருபத்தோராம் தேதி விசாரணைக்கு எனக்காக வரணும்."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "கம்பெனி சார்புல யாரும் போகவேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க, ரோ. உதவித்தொகை கொடுத்தா அது நம்ம ஆலை கணக்குல ஏறும், அது கூடாதுன்னு பாக்குறாங்க. இருக்கிற இன்னொரு உலையையும் அணைக்கிற பேச்சு இருக்கு. யார் சீட்டை முதல்ல கிழிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"புரியுது."

"அவன் ஒன்னை அழுத்தியிருக்கலாம்."

"ஆமா. அழுத்தியிருக்கலாம்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண் ட்வைட்டிடம், "என்ன, மீனையே முறைச்சுப் பாக்குறே? செத்ததுதான், ஓடாது" என்றாள். அவன் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விசாரணை பக்கத்து ஊரில், ஒரு வங்கிக்கு மேலே மாடியில். நீண்ட மேசை, ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர் ஜாடி. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, என் வயது இருக்கும். கம்பெனிப் பக்க நாற்காலி காலி. அவர் கருவியை முடுக்கித் தேதி சொல்லும்போது கதவு திறந்தது. ட்வைட், கல்யாணத்துக்குப் போடும் கோட்டில். கம்பெனி நாற்காலியைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்க கம்பெனி சார்பா வந்திருக்கீங்களா சார்?"

"இல்ல மேடம். லீவு போட்டுட்டு வந்தேன்."

சத்தியம் வாங்கினார்கள். அந்தத் திங்கட்கிழமை வெர்ன் டோம்பெக் எங்கே இருந்தார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"என் பக்கத்துல இருந்தான் மேடம். மரத்துமேல."

"அன்னைக்கு ஆலையில வேலை வந்திருந்தா அவரைக் கூப்பிட வேண்டியது யார்?"

"நான்தான்."

அவர் பேனாவை வைத்தார். "எப்படிக் கூப்பிட்டிருப்பீங்க?"

"கையை நீட்டித் தோள்ல தட்டியிருப்பேன்." அவர் முகம் மாறாததைப் பார்த்து ட்வைட் தொடர்ந்தான். "ஆனா வேலை வந்திருக்காது மேடம். உலை அணையாமப் பாக்க ரெண்டு வயசான ஆளுங்களை உள்ள விட்டுட்டு, அன்னைக்கு கேட்டைப் பூட்டிடுவோம். என் அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். எங்க கேட்டு மட்டும் இல்ல. இந்த மாவட்டத்துல அன்னைக்கு ஒருத்தன் வேலை கேட்டுப் போனா, கொடுக்க ஆள் இருக்காது. அவன் தயாரா இல்லன்னு சொன்னான், சரி. தயாரா இருந்தாலும் போக இடம் இல்ல. அந்தக் கேள்வியை எழுதினவங்களுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சும் அவன் அதைச் சாக்கா சொல்லல. அவன் அப்படித்தான்."

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். என்னிடம், செவ்வாய்க்கிழமை அவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். வீட்டில், போன் பக்கத்தில் என்றேன். புதன்? அதே. அப்புறம் கருவியை நிறுத்திவிட்டு, கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டார்.

"ஏதாவது கிடைச்சுதா அன்னைக்கு?"

"ஒரு பெண் மான் வந்துச்சு மேடம்," என்றான் ட்வைட். "கொம்பு இல்லாததைச் சுட அவன்கிட்ட அனுமதிச் சீட்டு இல்ல. பாத்துக்கிட்டே இருந்தோம்."

கீழே தெருவில் வந்து நின்றபோது ட்வைட் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "அவன் இருந்திருந்தா, நான் சொன்னதுல பாதி தேவையில்லன்னு திட்டியிருப்பான்," என்றான். வண்டியில் அவனோடு திரும்பினேன். நீர்த்தேக்கம் வந்ததும் அவன் வேகத்தைக் குறைத்தான். கரையோரம் நீர் தெரிய ஆரம்பித்திருந்தது. நடுவில் இன்னும் வெள்ளை.

முடிவு ஈஸ்டர் கழிந்து வந்தது. அந்தத் திங்கட்கிழமை ஒன்றை விட்டுப் பாக்கி நாளுக்கெல்லாம் பணம் உண்டு என்றார்கள். குற்றம் என்ற சொல் நீக்கப்பட்டது. உரிமை கோரியவர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தார் அந்த அம்மாள். நின்றுகொண்டே படித்தேன். யாரிடமாவது சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும்போல இருந்தது. ட்வைட்டுக்குப் போன் செய்து படித்தேன். அவன், "மறுபடி படி" என்றான். மறுபடி படித்தேன். அதைக் கேட்கவேண்டியவன் கேட்காததை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ட்வைட்டின் சீட்டை யாரும் கிழிக்கவில்லை. அந்த உலை அணையாமல் எரிந்தது, சில வருஷம் கழித்து மற்றதையும் மூட்டினார்கள். அப்புறம் ஆலை கைமாறியது. புதியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். நேரம், சீருடை, சம்பளநாள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மாநிலமும் மான் வேட்டை முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் வர வசதி என்றார்கள். இப்போது திங்கட்கிழமைக்கு ஒரு விசேஷமும் கிடையாது.

ஆலை கேட்டை அந்தத் திங்கட்கிழமை இன்னும் பூட்டுகிறார்கள்.