சாய்ந்த கட்டிலில் ஒரு கொத்தனார்

அந்தக் கொத்தனாருக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ரசமட்டம். மட்டம் பார்க்கிற அந்தக் கருவியைப் போலவே, சுவரில் அரை நூல் கோணல் இருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். பட்டபின் வாய் சும்மா இருக்காது. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட முழுசாக உட்கார்ந்தவர் இல்லை. அப்பேர்ப்பட்டவர் அறுபது நாள் படுத்தே கிடக்கப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டபோது, மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

காரணம் மகள். அடுத்த வருஷம் அவள் ஆறு மாதம் விண்வெளியில் இருக்கப் போகிறாள். அங்கே உடம்புக்குக் கனம் தெரியாது. தாங்குகிற வேலை இல்லாத எலும்பு மாதாமாதம் தேய்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். படுத்தே கிடந்தாலும் எலும்பு அப்படித்தான் தேயும் என்பதால், பயிற்சி பலிக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் இந்த ஏற்பாடு: தலைமாடு ஆறு டிகிரி தாழ்ந்த கட்டில், சாப்பாடு குளியல் எல்லாம் படுத்தபடியே, பயிற்சியும் படுத்தபடியே. ஒரு தோளாவது எப்போதும் மெத்தையில் இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் அத்தனை நாள் பாடும் வீண். ஐம்பதைத் தாண்டியவர்களும் வேண்டும் என்று கேட்டிருந்தது இவருக்கு வசதியாகப் போயிற்று.

"என் பொண்ணு செய்யப்போறத நான் மொதல்ல செஞ்சு பாத்துடறேன்," என்றார். சுவர் எழுப்பக் கட்டிய மூங்கில் சாரத்தில் முதலில் தான் ஏறி மிதித்துப் பார்க்காமல் அவர் வேறு யாரையும் ஏற்றியதே கிடையாது.

மனைவி வாராவாரம் வந்தாள்.

"சும்மா படுத்திருக்கறதுக்கு மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"ரத்தம் தலைக்கு ஏறுதாம்."

"அது என்ன புதுசா? உங்களுக்கு எப்பவும் சட்டுனு தலைக்கு ஏறுமே!"

முப்பத்தெட்டாம் நாள் வினை வந்தது. பக்கத்துச் சுவர் ஜன்னல் சாய்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்த மடையன் வச்ச ஜன்னல் இது? ஒரே நிமிஷம், எழுந்து பாத்துட்டுப் படுத்துக்கறேன்."

நர்ஸ் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டாள். மனைவி, வீட்டிலிருந்த நூல் கட்டிய தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து, ஜன்னல் சட்டத்தை ஒட்டிப் பிடித்தாள். நூல் இம்மி பிசகாமல் சட்டத்தோடு தொங்கியது.

"ஜன்னல் நேராத்தான் இருக்கு. கோணலாப் படுத்திருக்கறது நீங்க."

கட்டில் சாய்ந்திருப்பதையே மனுஷர் மறந்து போயிருந்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவருக்கு மானம் போயிற்று.

அறுபது நாளும் முடிந்தது. எலும்புப் படம் நல்லபடியாக வந்திருந்தது. மிச்சம் ஒன்றுதான்: எழுந்து, எதையும் பிடிக்காமல் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். தான் விழுந்தால், மேலே போய்த் திரும்புகிற மகளும் இப்படித்தானே விழுவாள் என்று அவருக்குப் பயம்.

"விழுந்து வைக்காதீங்க. உங்களத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல," என்றாள் மனைவி.

ஐந்து நிமிஷம் சமாளித்தார். ஆறாவதில் வேர்த்துக் கொட்டியது. ஏழாவதில் அறையே சுற்றியது. டாக்டர் கையை நீட்டத் தயாரானார். அதற்குள் மனைவி பைக்குள் கைவிட்டுத் தூக்குக்குண்டை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே தொங்கவிட்டாள்.

"நூலப் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

பார்த்தார். சுற்றல் கொஞ்சம் நின்றது. ஆனால் குண்டு மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆடுது பாரு. நேராப் புடிக்கத் தெரியாதா உனக்கு?"

"பேசாம நில்லுங்க."

அப்போதுதான் கவனித்தார். நடுங்கியது அவள் கை. அறுபது நாளும் கேலி பேசியவள் இப்போது அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அழாதடி. இன்னும் ரெண்டு நிமிஷந்தான்."

"பத்து!" என்றார் டாக்டர். நாற்காலி ஓடி வந்தது. அவர் உட்காரவில்லை.

"மொதல்ல பொண்ணுக்குப் போன் போடு," என்றார் மனைவியிடம். "சாரம் தாங்குது, ஏறலாம்னு சொல்லு."