முப்பதோடு முடிந்த தாள்

எங்கள் சிப்பி வளர்ப்பில் என் வேலை ஒன்றுதான். தினமும் காலை ஏழு மணிக்கு மிதவையின் நான்கு மூலைகளிலும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் இறக்கி, இரண்டு நிமிடம் காத்திருந்து, எண்ணைக் குறிப்பது. முப்பது டிகிரியைத் தாண்டினால் சித்தப்பா சிப்பிகள் ஒட்டி வளரும் கயிறுகளைக் குளிர்ந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். அங்கே தீனி குறைவு, சிப்பி வளராது. ஆனால் மேலேயே விட்டால் செத்துவிடும்.

இந்த மாதம் நான்காம் தேதி முப்பத்தொன்றரை காட்டியது. அலுவலக அறைச் சுவரில் எட்டு வருட வரைபடம் தொங்குகிறது. அதில் எந்தக் கோடும் இருபத்தொன்பதைத் தாண்டியதில்லை. கருவியைச் சரிபார்க்காமல் நம்பாதே என்று நான் போகும் மாலை நேர அறிவியல் வகுப்பில் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். சரிபார்க்கத்தான் சொன்னார்கள், நான் திருத்தவே செய்துவிட்டேன். கருவி இரண்டு டிகிரி கூடக் காட்டுகிறது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து ஒன்பது நாளும் இரண்டைக் கழித்தே எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள், சந்தேகம் தாங்காமல், வகுப்பு ஆசிரியையிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரையும் எங்களுடையதையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினேன். இரண்டும் முப்பத்தொன்று புள்ளி ஆறு. மூன்று முறை இறக்கினேன். அதேதான்.

சித்தப்பா மிதவையில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ஒன்பது நாளா நான் எழுதினது தப்பு. ரெண்டு கூட்டிக்கணும்."

"ஏன்?"

"போன வருஷம் மாதிரி இல்லையேன்னு குறைச்சுட்டேன்."

பக்கத்தில் கயிறு பிரித்துக்கொண்டிருந்த சித்தி இடுப்பில் கை வைத்தாள். "சந்தேக மகாராணி! வீட்டுப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பாப்பே. சுவத்துல தொங்குற காகிதத்தை மட்டும் அப்படியே நம்புவியா?"

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் கயித்தைப் பிடிங்க" என்றார் சித்தப்பா.

மதியத்துக்குள் இருநூற்று நாற்பது கயிறுகளையும் இறக்கினோம். இறக்குமுன் ஒவ்வொன்றையும் தூக்கித் தட்டிப் பார்த்தேன்; உயிருள்ள சிப்பி தட்டினால் மூடிக்கொள்ளும். மேல் முழத்துச் சிப்பிகள் வாய் பிளந்தே இருந்தன. கீழே இருந்தவை மூடிக்கொண்டன.

"மூணுல ஒரு பங்கு போச்சு. இன்னும் மூணு நாள் நீ யோசிச்சிருந்தா மொத்தமும்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கை கழுவப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஒன்பது நாள் எண்களையும் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதினேன். வரைபடத்தில் புள்ளி வைக்கப் போனால் இடமில்லை. தாள் முப்பதோடு முடிந்துவிட்டது. சித்தி இன்னொரு கிராஃப் தாளை அதன் மேல் விளிம்பில் ஒட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள்.

"எதுவரைக்கும் வேணும்?"

முப்பத்திரண்டு போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வெட்டாதீங்க சித்தி. முழுசா இருக்கட்டும்."