நாற்பத்தொரு விநாடி

...அதை மட்டும் அமுக்கிவிடக் கூடாது, ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹேமலதா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், திரை நடுவில் கட்டம் ஒன்று வந்து நிற்கும், இந்தப் பாட்டுக் கருவி வேறொரு கம்ப்யூட்டரோடு சேர்ந்தது, இதில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு இங்கே சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும், “பதட்டத்துல ஓகேவ அமுத்திராதீங்ண்ணா, அப்பறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க”... இதோ வந்துவிட்டது கட்டம், என்ன பவ்வியமாகக் கேட்கிறது பார், கழுத்தை அறுக்க வருகிறவன்கூட இவ்வளவு மரியாதையாகக் கேட்க மாட்டான். மாதேஷ் மவுஸிலிருந்து கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டான். பதினெட்டு வருடமாக இந்தக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், எத்தனை பேருடைய வருகையை இதே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான், ஒரு நாளும் ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு யோசித்ததில்லை. மேனேஜர் சேலம் போயிருக்கிறார், சாப்பாட்டு மணி இப்போதுதான் அடித்தது, ஒரு மணி நேரம் கிடைக்கும். ‘வேண்டாம்’ என்பதைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, அமுக்கினான். கட்டம் மறைந்தது.

பெண்டாட்டி சுதாராணியுடைய கருவி. அவள் தம்பி கோகுல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது தன் லேப்டாப்பிலிருந்து பாட்டு ஏற்றிக் கொடுத்தது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், பாட்டும் பாடும், பேசினால் பிடித்தும் வைத்துக்கொள்ளும். எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்தில் வேலை பார்த்தவள், பிள்ளைகள் பாடுவதைப் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவாள். இப்போது திரை செத்துவிட்டது, பொத்தான் அமுங்குவதில்லை, கம்ப்யூட்டரில் செருகினால்தான் உள்ளே உயிர் இருப்பதே தெரிகிறது. அவள் போய் நாலு வருடம்... ஐந்து நாள் காய்ச்சல், சேலம் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு என்ன இருக்கிறது? அவளிடம் இருந்தது பட்டன் போன், கல்யாண வீடியோவிலோ படம் பிடித்த புண்ணியவான் எல்லார் வாயையும் அடைத்துவிட்டு மேலே பாட்டைப் போட்டுவிட்டான். போன மாதம் குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் குரலை நினைத்துப் பார்த்தான், வரவில்லை. சொன்ன சொல்லெல்லாம் வந்தது, குரல் வரவில்லை. ஈரத்தோடு அப்படியே நின்றான், பயமாக இருந்தது. பதினோரு வருடம் கூட இருந்தவளின் குரல் எங்கே போகும், எப்படிப் போகும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம் அவனுக்கு, ‘ஏனுங்க’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவன் பெயரை அவள் சொன்னதே இல்லை, அவள் வாயில் அதுதான் அவன் பெயர்.

“உள்ளதான் இருக்குங்க, கண்ணுக்குத் தெரியாம மறச்சு வெச்சிருக்காங்க, அவ்ளோதான்,” என்றிருந்தாள் ஹேமலதா, என்னவோ பக்கத்து ஊட்டுச் சாவி இருக்கிற இடத்தைச் சொல்வதுபோல. அவள் சொன்ன வரிசையிலேயே போனான், மறைந்திருப்பவற்றைக் காட்டு என்ற இடத்தில் புள்ளி வைத்தான், காலியாகத் தெரிந்த கருவிக்குள் மங்கலாக ஒரு ஃபோல்டர் வந்து நின்றது, அதற்குள் இருபது, ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது... பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை, நான்கு நான்கு ஆங்கில எழுத்தாக ஒரு பொருளும் இல்லாமல் கிடந்தன. இப்படிக் குழப்பி ஒளித்து வைத்தவன் யாராயிருந்தாலும் அவனுக்குச் செத்துப்போன பெண்டாட்டி இருந்திருக்க மாட்டாள். எல்லாவற்றையும் நகலெடுத்தான். பிறகு ரைட்டர் மூளைக்கு ஒன்று தோன்றியது, பாட்டு பெரிதாக இருக்கும், பேச்சு சின்னதாக இருக்கும், அளவு வரிசையில் அடுக்கு. அடுக்கினான், கடைசியில் அறுபத்து மூன்று சின்னக் கோப்புகள் ஒதுங்கின, ஹெட்போனை மாட்டினான். ஒரு குழந்தை அணில் பாட்டுப் பாடுகிறது, அடுத்தது, இருமல், அடுத்தது, பத்துப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துகிறார்கள், அதற்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சிரிக்கிறார்கள், அவளா? திரும்பப் போட்டான். சிரிப்பை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை. இதுகூடத் தெரியாதவன் என்ன புருஷன்?

“ஏனுங்க.”

தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலுக்கு வெளியே, பனிமூட்டத்தில் பாதி மறைந்து, பழம் பறிக்கும் வள்ளி நின்றிருந்தாள். மேனேஜர் வந்துவிட்டாரா, பழத்தோல் உரிக்கிற பல்பர் மெஷின் பெல்ட் அந்துபோச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. “சாயந்தரந்தான் வருவாருங்க, நான் சொல்லிக்கிறேன்.” போய்விட்டாள். அவள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, இந்த மலையில் கண்டக்டரும் ஏனுங்க, கறிக்கடைக்காரரும் ஏனுங்க, ஒரு நாளைக்கு இருபது தடவை அவன் திரும்பிப் பார்க்கிறான், நாலு வருடமாகப் பார்க்கிறான், ஒரு தடவைகூட அது அவள் இல்லை.

நாற்பத்தெட்டாவது. நாற்பத்தொரு விநாடி என்று காட்டியது. முதலில் துணி உரசுகிற சத்தம், அப்புறம், “ஏனுங்க.” அவள்தான்... கடவுளே, அவளேதான், அவன் தேடிக்கொண்டிருந்ததைவிடக் கொஞ்சம் கனத்த குரல், முடிவில் லேசாக இழுப்பு, இதையா மறந்தான்? கண் நிறைந்துவிட்டது, திரை தெரியவில்லை. “ஏனுங்க, செத்த இங்க வாங்களே, ஒண்ணு சொல்லோணும்.” உடனே தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், எரிச்சலாக, “இரு, வர்றேன்.” யார் இவன் என்றுதான் முதலில் தோன்றியது. அவன்தான். பேப்பரிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ தலையைத் திருப்பாமல் பேசுகிற குரல். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, வளையல் ஒரு தடவை குலுங்கியது, மூச்சு, அவ்வளவுதான், முப்பது விநாடிக்குமேல் அப்படியே நிற்கிறாள், பிறகு பதிவு முடிந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டியிருந்தது? பிள்ளைகள் பாட்டைப் போட்டுக் காட்டவா, உடம்பு முடியவில்லை என்றா, ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றா... எழுந்து போயிருப்பான், போகாமலா இருந்திருப்பான்? மீண்டும் போட்டான், மூன்றாம் தடவையும் போட்டான். நாலாம் தடவை, அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டு, தான் பேசி முடித்த இடத்திலிருந்து வைத்து, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான், எங்கேயாவது ஒரு நாற்காலி நகர்கிறதா என்று.